மேடான தழும்பு: தணிப்பது ஒரு வேலை, திரும்ப எழாமல் பிடிப்பது இன்னொரு வேலை

தழும்பு மேடாகத் தடித்துவிட்டது, அரிக்கிறது, சட்டை உரசினாலே சுருக்கென்கிறது. என்ன செய்யலாம் என்று விசாரிக்கப் போனால் ஒருவர் ஜெல் தடவச் சொல்வார். ஒருவர் ஊசி என்பார். மூன்றாமவர் லேசர் என்பார். "வெட்டி எடுத்துவிட்டால் முடிந்தது" என்று ஒருவர் சொல்ல, "வெட்டினால் இரண்டு மடங்காக வளரும்" என்று அடுத்தவர் பயமுறுத்துவார். வேடிக்கை என்னவென்றால், இவர்களில் யாருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு தழும்புக்குப் பொருந்தும். எந்தத் தழும்புக்கு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிகிச்சைகளை ஒப்பிட நமக்குக் கிடைப்பது 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்கள். மேடு தணிந்ததா என்பதை அவை காட்டும். ஒரு வருடம் கழித்து அதே இடம் எப்படி இருந்தது என்பதற்கு மூன்றாவது படம் வேண்டும். அதை யாரும் எடுப்பதில்லை. தணிக்கத் தெரிந்த சிகிச்சைக்குப் பிடித்துவைக்கத் தெரியாமல் போகலாம். பிடித்துவைக்கத் தெரிந்தது ஏற்கெனவே எழுந்த மேட்டை அசைக்காமல் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சிகிச்சையிடமும் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

## புண் எப்படி ஆறுகிறது

தோலில் வெட்டு விழுந்ததும் முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் அழற்சி: சிவப்பு, வீக்கம், சூடு. அதன்பின் நார்ச் செல்கள் வந்து கொலாஜன் என்ற புரத இழையை மளமளவென்று உற்பத்தி செய்து பள்ளத்தை நிரப்புகின்றன. மூன்று வாரம் போல ஆனதும் சீரமைப்பு தொடங்குகிறது. அவசரத்தில் போட்ட இழைகளில் வேண்டாதவை கரைக்கப்படும், வேண்டியவை இழுவிசைக்கு ஏற்ப வரிசைப்படும். இந்தக் கடைசிக் கட்டம் ஒரு வருடத்துக்கு மேலும் ஓடும். எல்லாம் முடிந்த பிறகும் அந்த இடம் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

மேடான தழும்பு என்பது இந்த உற்பத்தி நிற்காமல் போவதன் விளைவு. இழை போடுவது வேகமாக நடக்க, கரைப்பது பின்தங்கிவிடுகிறது. உற்பத்தியை முடுக்கும் வேதிச் செய்திகளில் முக்கியமானது டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி. அழற்சி நீடிக்கும்வரை அந்தச் செய்தியும் போய்க்கொண்டே இருக்கும். புண் சீழ் பிடித்தால், ஆற மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், தோல் எப்போதும் இழுபடும் இடத்தில் இருந்தால், உள்ளே முடியோ தூசியோ சிக்கியிருந்தால் தழும்பு மேடாக எழும் வாய்ப்பு கூடுவதற்கு இதுதான் காரணம். மேலாகக் கீறிய சிராய்ப்பு இப்படி ஆவதில்லை. காயம் தோலின் ஆழமான அடுக்கைத் தொட்டிருக்க வேண்டும்.

## ஒரே பெயரில் இரண்டு

மருத்துவர்கள் மேடான தழும்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவது ஹைப்பர்ட்ரோஃபிக் தழும்பு. இங்கே 'தடித்த தழும்பு' என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கெலாய்டு. வெளியே பார்க்க இரண்டும் பளபளப்பான, கெட்டியான மேடுதான். வித்தியாசம் நடத்தையில் இருக்கிறது.

1. எல்லை. தடித்த தழும்பு காயத்தின் கோட்டுக்குள்ளேயே உயரும். கெலாய்டு கோட்டைத் தாண்டி, அடிபடாத நல்ல தோலுக்குள்ளும் கால் நீட்டும். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஜான் லூயி அலிபேர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குப் பெயர் வைத்தபோது நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார். மார்பில் பக்கவாட்டில் பரவிய ஒரு கெலாய்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று விளக்க வேண்டாம்.

2. காலம். தடித்த தழும்பு காயம் ஆறிய ஒன்றிரண்டு மாதங்களில் எழுந்து, சில மாதம் வளர்ந்து நின்றுவிடும். பிறகு ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் தானாகவே ஓரளவு தணியும். கெலாய்டு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தாமதித்து வரும். தானாகத் தணிவது அபூர்வம்.

3. இடம். கெலாய்டுக்குப் பிடித்த இடங்கள் உண்டு: காது மடல், நடு மார்பு, தோள், மேல் முதுகு, தாடை விளிம்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கண் இமையிலும் மிக அரிது. தடித்த தழும்பு எங்கு வேண்டுமானாலும் வரும்; மூட்டுகளின் மேல், தீக்காயம் பட்ட இடத்தில் அதிகம்.

4. ஆள். கெலாய்டு குடும்பத்தில் ஓடும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு அதிகம். பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் தொடங்கும். கர்ப்ப காலத்தில் வேகம் பிடிப்பதும் உண்டு. தடித்த தழும்புக்கு இப்படிக் குடும்பத் தொடர்பு அவ்வளவு இல்லை.

கெலாய்டு வரப் பெரிய காயம் தேவையில்லை. காது குத்திய துளை போதும், தடுப்பூசி போட்ட புள்ளி போதும், ஒரு முகப்பரு போதும். மார்பில் "தானாக வந்தது" என்று சொல்லப்படும் கெலாய்டுகளில் பலவும் மறந்துபோன ஒரு பருவின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பிரிவு எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் சில மாதங்களில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். இரண்டும் ஒரே கோளாறின் இரு முனைகள்தான் என்று கருதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். சந்தேகமான தழும்பைக் கெலாய்டு என்றே வைத்து நடத்துவதுதான் பாதுகாப்பு. தடித்த தழும்பைக் கெலாய்டாக நினைத்தால் சில ஊசிகள் கூடுதலாகப் போட்டிருப்போம், அவ்வளவுதான். கெலாய்டைத் தடித்த தழும்பாக நினைத்து வெட்டினால் பழையதைவிடப் பெரியது வரலாம்.

எந்தக் காயமும் நினைவில் இல்லாமல் உடலின் நடுப்பகுதியில் மெதுவாக வளரும் கெட்டித் தடிப்பு என்றால், சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது நல்லது. கெலாய்டு போலவே தோற்றம் தரும் ஒரு வகைத் தோல் புற்றும் உண்டு.

## எதை வைத்து அளப்பது

மருத்துவமனைகளில் வான்கூவர் தழும்பு அளவை என்று ஒன்று பயன்படுகிறது. உயரம், வளைந்து கொடுக்கும் தன்மை, இரத்த ஓட்டம், நிறம் என்று நான்குக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள், மொத்தம் 13. வலிக்கும் அரிப்புக்கும் அதில் இடமில்லை. நோயாளியை இரவில் எழுப்புவது அரிப்புதான் என்பதால் இது சிறிய குறை அல்ல. பிற்பாடு வந்த அளவைகள் நோயாளியிடமும் கேட்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. மாதம் ஒரு முறை, அதே சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று தேதியுடன் குறித்து வையுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது" என்ற பதிலை வைத்து எந்த மருத்துவராலும் அளவை மாற்ற முடியாது.

## சிகிச்சைகள், ஒவ்வொன்றாக

சிலிக்கோன் தகடும் ஜெல்லும்

புண் முழுதாக மூடிய பிறகு ஒட்டும் மெல்லிய, வழுவழுப்பான தகடு இது. 1980களின் தொடக்கத்திலிருந்து தீக்காயத் தழும்புகளுக்குப் பயன்படுகிறது. சிலிக்கோன் தோலுக்குள் போவதில்லை. தழும்பிலிருந்து ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது; ஈரம் காக்கப்பட்ட தோல், கீழே உள்ள செல்களுக்கு "இன்னும் புண் ஆறவில்லை" என்ற செய்தியை அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. இதுவே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஒட்டியிருக்க வேண்டும். ராத்திரி மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. முகம், மூட்டு போன்ற தகடு நிற்காத இடங்களுக்கு ஜெல். இதற்கான ஆய்வுச் சான்று வலுவானது என்று சொல்ல முடியாது. ஆனால் கெடுதலும் அரிது: வியர்க்குரு, லேசான அரிப்பு, அவ்வளவே. புதிய தழும்பு மேடாகாமல் தடுக்கவும், மற்ற சிகிச்சைகளுக்குப் பின் பிடித்துவைக்கவும் உதவும். முற்றிய கெலாய்டைத் தணிக்க இதை மட்டும் நம்பினால் மாதங்கள்தான் போகும்.

அழுத்தம்

தீக்காயத்துக்குப் பின் அணியும் இறுக்கமான உடையையும், காது மடலில் மாட்டும் அழுத்தக் கிளிப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அழுத்தம் நுண் இரத்தக் குழாய்களை நெருக்கி, உற்பத்திக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 20 முதல் 40 மி.மீ. பாதரச அழுத்தம், நாளுக்கு 23 மணி நேரம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. குளிக்கும் நேரம் மட்டும் விடுமுறை. இதை முழுதாகக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு என்பதில் ஆச்சரியம் இல்லை. காது மடல் மட்டும் விதிவிலக்கு. இரண்டு பக்கமும் பிடித்து நசுக்க வசதியான இடம் உடம்பில் வேறு எங்கே இருக்கிறது? வெட்டி எடுத்த கெலாய்டு காதில் திரும்பாமல் பிடிக்க அழுத்தக் கிளிப் நன்றாகவே உதவுகிறது.

ஸ்டீராய்டு ஊசி

1960களிலிருந்து இன்று வரை கெலாய்டுக்கு முதலில் கையில் எடுப்பது ட்ரையாம்சினோலோன் ஊசி. மருந்து ஒரு மில்லி லிட்டருக்கு 10 முதல் 40 மி.கி. வரை இருக்கும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை, தழும்பு தட்டையாகும்வரை. இது அழற்சியை அடக்குகிறது, கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிறது, கரைப்பதற்கு இருந்த தடையையும் எடுத்துவிடுகிறது.

முதல் முறை ஊசி போடுவதை அருகிலிருந்து பார்த்தால் கெலாய்டு என்றால் என்ன என்பது புரிந்துவிடும். ஊசி உள்ளே போகும், மருந்து போகாது. கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் தண்டு நகராது. சாதாரணக் குழலாக இருந்தால் அழுத்தத்தில் ஊசி முனை கழன்று மருந்து பீச்சியடிக்கும். அதற்காகவே ஊசி திருகிப் பூட்டப்படும் சிறிய குழலை எடுப்பார்கள். மருந்து நுழையும் இடத்தில் தழும்பு ஒரு கணம் வெளுத்து விரியும். வலி உண்டு, குறைத்துச் சொல்ல வேண்டாம். மரப்பு மருந்து கலந்தாலும் முதல் சில நொடிகள் கடினம்தான். இரண்டாம், மூன்றாம் முறைகளில் அதே தழும்பு மிருதுவாகி மருந்தை உள்ளே விடும். அந்த மாற்றமே சிகிச்சை பலிக்கிறது என்பதற்கு முதல் அடையாளம். உயரம் குறைவது அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும்.

எவ்வளவு பலிக்கும்? மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு: 50 முதல் 100 சதவீதம் பேருக்குத் தணிகிறது, 9 முதல் 50 சதவீதம் பேருக்குத் திரும்புகிறது. இவ்வளவு அகலமான வீச்சைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதுதான். சில ஆய்வுகள் கெலாய்டையும் தடித்த தழும்பையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியவை, சில மூன்று மாதத்தோடு பார்ப்பதை நிறுத்தியவை. தணிப்பதில் ஸ்டீராய்டு கெட்டிக்காரன், பிடித்துவைப்பதில் சுமார்; இப்படி எடுத்துக்கொள்ளலாம்.

பக்க விளைவுகளில் தெரிந்திருக்க வேண்டியவை:

1. மருந்து தழும்பைத் தாண்டி நல்ல தோலில் இறங்கினால் அந்த இடம் மெலிந்து பள்ளமாகும், நிறம் வெளுக்கும், மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரியும். கருத்த தோலில் இந்த வெளுப்பு பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மாதங்களில் மீளும்.
2. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளலாம். இதை முன்கூட்டியே சொன்னால் வீண் பயம் வராது.
3. குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் அதிக அளவு போனால் உடல் முழுவதற்குமே ஸ்டீராய்டின் தாக்கம் வரும். அளவில் எச்சரிக்கை தேவை.

ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு தோய்ந்த ஒட்டுப் பட்டைகள் ஒரு மாற்று. ஜப்பானில் இவை நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன.

5-ஃப்ளூரோயூராசில்

இது புற்றுநோய்க்கான மருந்து. பெயரைக் கேட்டதும் பலர் எழுந்து போய்விடுவார்கள். வேகமாகப் பெருகும் செல்களை நிறுத்துவது இதன் வேலை. கெலாய்டுக்குள் பெருகும் நார்ச் செல்களையும் நிறுத்துகிறது. தழும்புக்குள் போடும் அளவு, புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் அளவோடு ஒப்பிட மிகக் குறைவு. தனியாகப் போடுவதைவிட ஸ்டீராய்டுடன் கலந்து போடுவதே இப்போது வழக்கம். பெரும்பங்கு இது, சிறுபங்கு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு மட்டும் போட்டதைவிடக் கலவை நன்றாகத் தணிப்பதாகவும், தோல் மெலிவது குறைவதாகவும் பல ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி போட்ட இடம் புண்ணாவது, கருப்பது, வலி ஆகியவை இதன் தொல்லைகள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் கூடாது. மூன்று நான்கு ஸ்டீராய்டு ஊசிக்கும் அசையாத தழும்புக்கு அடுத்த படி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

உறைய வைத்தல்

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைத் தழும்பின் மேல் பீச்சி உறைய வைப்பது. சில நொடிகளில் தழும்பு வெள்ளைக் கல்லாகும், விட்டால் உருகிச் சிவக்கும், மறுநாள் கொப்புளம், பிறகு நீர் வடிதல், பொருக்கு. ஆற வாரங்கள் ஆகும். சிறிய, தனித்த கெலாய்டுகளுக்கு, குறிப்பாகப் பருவில் வந்தவற்றுக்கு நன்றாகவே பலிக்கும். உறைந்து உருகிய தழும்பு வீங்கித் தளர்ந்திருப்பதால் உடனே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் சுலபம்.

நிறம்தான் இதில் விலை. தோலுக்கு நிறம் தரும் செல்கள் மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே செத்துவிடும். நார்ச் செல்களைச் சாகடிக்க மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். அதாவது கெலாய்டை அடையும் முன்பே நிறம் போயிருக்கும். கருத்த தோல் உள்ள ஒருவர் கரு மேட்டுக்குப் பதில் வெள்ளைத் தட்டையை வாங்கிக்கொள்வதா என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தழும்பின் உள்ளே ஊசியைச் செருகி உள்ளிருந்தே உறைய வைக்கும் முறையில் மேல் தோல் ஓரளவு தப்பிக்கிறது.

லேசர்

'லேசர்' என்பது ஒரு சிகிச்சையின் பெயர் அல்ல. குறைந்தது இரண்டு வெவ்வேறு கருவிகளைச் சேர்த்து அப்படி அழைக்கிறோம். 595 நானோமீட்டர் சாய லேசர் இரத்தக் குழாய்களைத் தாக்கும். சிவப்பும் அரிப்பும் குறையும், இளம் தழும்புக்கு ஏற்றது. 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரைப் புள்ளி புள்ளியாகச் செலுத்தினால் தழும்பில் ஆயிரக்கணக்கான நுண் துளைகள் விழும். அந்தத் துளைகள் ஆறும்போது இழைகள் புதிதாக வரிசைப்படும், இறுகிய தீக்காயத் தழும்பு இளகும். துளை போட்ட உடனே மேலே ஸ்டீராய்டைச் சொட்டினால் அது ஆழத்துக்கு இறங்கும்.

தீக்காயத் தழும்பு உள்ளவருக்கு இது பெரிய உதவி. கெலாய்டுக்கு லேசர் மட்டும் என்றால் எச்சரிக்கை வேண்டும்: கெலாய்டை லேசரால் சீவி எடுப்பது, கத்திக்குப் பதில் ஒளியால் வெட்டுவதுதான். அறுவைக்கு உள்ள அதே ஆபத்து இதற்கும் உண்டு. 'கத்தியில்லை' என்ற சொல் இங்கே எதையும் மாற்றுவதில்லை.

அறுவையும் கதிரும்

கெலாய்டை வெட்டி எடுத்துத் தைத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்புகிறது. காரணம் எளிது. கெலாய்டு ஒரு காயத்துக்குத் தோல் காட்டிய மிகையான பதில். அதே தோலில் இன்னும் நீளமான காயத்தை உண்டாக்கிவிட்டு வேறு பதிலை எதிர்பார்க்கிறோம். ஆகவே கெலாய்டில் அறுவை என்பது பாதிச் சிகிச்சை. மறுபாதியாகப் பின்வருவனவற்றில் ஒன்று தேவை:

1. கதிர், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. வெட்டிய ஒன்றிரண்டு நாட்களுக்குள் தொடங்கி, சில தவணைகளில், பொதுவாக மொத்தம் 12 முதல் 20 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). புதிதாக வந்து சேரும் நார்ச் செல்கள் பெருகும் முன்பே அவற்றை முடக்குவது நோக்கம். ஒரு வாரம் தள்ளிப்போனால் பயன் குறைந்துவிடும். இது சேர்ந்தால் திரும்பும் விகிதம் பெரும்பாலான ஆய்வுத் தொகுப்புகளில் ஐந்து கெலாய்டில் ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது. பிடித்துவைக்கும் வேலையில் இதற்கு ஈடு இப்போதைக்கு வேறில்லை. பின்னாளில் புற்று வரும் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் குழந்தைகளுக்கும், தைராய்டு, மார்பகம் போன்ற உறுப்புகளுக்கு நேர் மேலேயும் தவிர்க்கிறார்கள்.
2. வெட்டிய இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி, பிறகு மாதம் ஒன்றாகச் சில மாதங்கள்.
3. காது என்றால் அழுத்தக் கிளிப்.

தடித்த தழும்பில் கதை வேறு. அங்கே அறுவை என்பது பெரும்பாலும் இழுவிசையை மாற்றியமைக்கும் வேலை. மூட்டை மடக்க விடாமல் இழுத்துப் பிடிக்கும் பட்டையை இசட் வடிவத்தில் வெட்டி, முக்கோணங்களை இடம் மாற்றித் தைத்தால் பட்டை நீளும், இழுப்பு விடும். மூட்டு மாட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரம் செய்ய வேண்டும். தோற்றத்துக்காக மட்டும் என்றால் ஒரு வருடம் பொறுக்கலாம், தானாகத் தணிய இடம் கொடுத்து.

மற்றவை

பிளியோமைசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் ஊசி பிடிவாதமான கெலாய்டுகளில் நன்றாக வேலை செய்கிறது. நிறம் கருப்பது அதன் தொல்லை. வெராபமில் (இரத்த அழுத்த மருந்து), பொட்டுலினம் (போடாக்ஸ்) ஊசிகளுக்கு நம்பிக்கையூட்டும் ஆய்வுகளும் ஏமாற்றம் தந்த ஆய்வுகளும் கலந்தே இருக்கின்றன. வெங்காயச் சாறு கலந்த ஜெல்லால் கெலாய்டு கரையும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. வைட்டமின் ஈ எண்ணெய் பற்றி 1999இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் தழும்பு மேம்படவில்லை, மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமைதான் வந்தது. ஒவ்வாமை என்றால் அழற்சி. அழற்சி என்றால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம்.

## சரி, எந்தத் தழும்புக்கு எது

1. அறுவைக்குப் பின் இரண்டு மாதம் ஆகிறது, தையல் கோடு சிவந்து உயர்கிறது, கோட்டைத் தாண்டவில்லை. சிலிக்கோன் தகடு, இழுவிசையைக் குறைக்கும் ஒட்டுப் பட்டை. இரண்டு மாதத்தில் அடங்கவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி. சிவப்பு மட்டும் தொல்லை என்றால் சாய லேசர். வெட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

2. காது மடலில் பட்டாணி அளவுக் கெலாய்டு. முதலில் ஊசி. கோலிக்குண்டு அளவாகி, காம்பு போலத் தொங்கினால் ஊசியை மட்டும் நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டியதில்லை. வெட்டி, கூடவே ஊசியோ கிளிப்போ கதிரோ. கெலாய்டுகளிலேயே அறுவைக்கு நன்றாக ஒத்துவரும் இடம் காது. மார்பைப் போல அங்கே இழுவிசை இல்லை.

3. நடு மார்பில் பரவிய கெலாய்டு. உள்ளதிலேயே கடினமானது இதுதான். மூச்சு விடும் ஒவ்வொரு முறையும், கை அசையும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோல் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஸ்டீராய்டும் 5-ஃப்ளூரோயூராசிலும் கலந்த ஊசி, இடையிடையே சிலிக்கோன். அறுவை என்றால் கதிரைக் கையில் வைத்துக்கொண்டுதான். பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் அதற்கு முதலில் வைத்தியம். இல்லாவிட்டால் ஒன்றைத் தணிக்கும்போது இரண்டு புதிதாக வரும்.

4. தீக்காயத்துக்குப் பின் முழங்கை மடிப்பில் இறுகிய தழும்பு. இங்கே உயரம் இரண்டாம்பட்சம், கை நீள்கிறதா என்பது முதல் கேள்வி. அழுத்த உடை, பயிற்சி, துளை லேசர், தேவைப்பட்டால் இசட் அறுவை.

கெலாய்டு வந்த வரலாறு உள்ளவர் காது குத்துவதையும் பச்சை குத்துவதையும் மச்சத்தை அழகுக்காக எடுப்பதையும் விட்டுவிடுவது நல்லது. தவிர்க்க முடியாத அறுவை என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் தையலின் திசையையும் இறுக்கத்தையும் அதற்கேற்ப வைப்பார், தையல் பிரித்த வாரமே தடுப்பும் தொடங்கிவிடலாம். புதிய தழும்பில் வெயில் படாமல் பார்த்துக்கொள்வது மேட்டுக்காக அல்ல, அது கருத்து நிலைத்துவிடாமல் இருக்க.

## தட்டையான பிறகு

பெரும்பாலானோர் வருகையை நிறுத்துவது இந்த இடத்தில்தான். தழும்பு தட்டையாகிவிட்டது, அரிப்பு இல்லை, அடுத்த ஊசியின் வலியை நினைத்தால் போக மனமில்லை. ஆனால் கெலாய்டுக்குக் குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் கண்காணிப்பு தேவை. மாதம் ஒரு முறை இருந்த வருகை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக, பிறகு நான்கு மாதத்துக்கு ஒன்றாக இடைவெளி கூடலாம். ஒரேயடியாக நிற்கக் கூடாது.

வீட்டில் குறித்துவைக்கும் அந்த அரிப்புக் கணக்கு இப்போதுதான் முழுப் பயன் தரும். திரும்பும் கெலாய்டில் பல சமயம் உயரத்துக்கு முன் அரிப்பு வருகிறது. தட்டையான தழும்பின் ஓரத்தில், விரல் நகம் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் சில நாட்களாக அரிக்கிறது, தடவினால் சற்றுக் கெட்டியாக இருக்கிறது என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் பலருக்கு ஒன்றிரண்டு ஊசியில் அடங்கிவிடும்.